படுக்கையறைக்குள் ஒரு மில்

ராஜபாளையத்தில் ஈரக்காற்றைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரியாகி, இன்று சொந்தமாகவே ஒரு சின்ன மில் நடத்துகிறேன். காற்று காய்ந்தால் நூல் அறும். அது காய்ந்திருக்கிறதா என்று, உள்ளே நுழைந்ததும் மூக்கே எனக்குச் சொல்லிவிடும். படித்த இன்ஜினியர்களே என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

ஏசியில் படுத்தால் என் மனைவிக்குத் தொண்டை வறண்டுவிடும். விடியும்வரை செருமிக்கொண்டே கிடப்பாள். அதற்காக வெளியூரில் இருக்கும் மகள், காற்றை ஈரமாக்கும் மெஷின், ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி அனுப்பினாள். கூடவே வந்த குறிப்புத்தாளை நான் பிரிக்கவே இல்லை. எனக்கா பாடம்?

முதல் நான்கு நாள் மனைவி நன்றாகத் தூங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். மில்லில் ஜன்னல் திறப்பது பெரிய குற்றம். காய்ந்த மேல்காற்று புகுந்தால் இழையெல்லாம் அறுந்துபோகும். அதே கணக்கில் படுக்கையறை ஜன்னலைச் சுற்றி பிரௌன் டேப் ஒட்டினேன். கதவடியில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தேன். மெஷினை முழு வேகத்தில் வைத்து, மத்தியானமும் ஓடவிட்டேன்.

"ஏங்க, செத்த நேரம் ஜன்னலத் தொறங்க. மூச்சு முட்டுது."

"தொறந்தா அம்புட்டு ஈரமும் போயிரும்ட்டி. எத்தன வருசம் பாத்தவன் நான்? சும்மா படு."

"நான் என்ன உங்க மில்லு நூலா, அறுந்தா ஒட்டி ஓட விட?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் போர்வை நமுத்துப்போனது. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம். அவள் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. படுக்க முடியாமல் சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். அந்த அறைக்குள் போனால் எனக்கே கழுத்தில் ஈரத்துணி சுற்றினாற்போல இருந்தது. ஆனால் டேப்பை எப்படிப் பிரிப்பது? தெரு முழுக்கப் பெருமை அடித்தாயிற்று. "அண்ணாச்சி, மதினி நல்லாத் தூங்குறாகளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "குறட்டை தாங்கல" என்பேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள்.

உள்ளூர் டாக்டரிடம் போனால் நாலு பேருக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தது ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"வீட்டுச் சுவத்துல ஓதம் இருக்காம்மா? பூசணம் ஏதும்?"

என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். "அப்படி ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவ பொய் சொல்லுதா. நான்தாம்மா டேப்ப ஒட்டி அடைச்சேன். மில்லுல அப்படித்தான் வழக்கம்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "மில்லுல அத்தன பேரு வேலை பாக்காங்க. ஜன்னல் இல்லாம அவங்களுக்குக் காத்து எப்படிய்யா வருது?"

எனக்குத் தெரியாதா? வெளிக்காற்றை ஈரமாக்கி உள்ளே தள்ள ஆள் உயர ஃபேன். பழைய காற்றை இழுத்துப் போகத் தரைக்கடியில் கால்வாய். நானே அதற்குள் இறங்கிப் பஞ்சு அள்ளியிருக்கிறேன். ஜன்னல் மூடியிருந்தது மட்டும் நினைவில் நின்றது, ஃபேனை மறந்துவிட்டேன். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்து, ஜன்னலைத் திறக்கவும் பூசணத்தைச் சுத்தமாக எடுக்கவும் சொன்னார். மெஷினைத் தினமும் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, தொண்டை வறளும்போது மட்டும் போட்டால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் பிரித்தேன். ஜன்னல் அசையவில்லை. ஓதத்தில் மரம் ஊதியிருந்தது. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பியதில் சட்டமே பிளந்துகொண்டு திறந்தது.

சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துவிட்டு, "வா, இனிமே பயமில்ல" என்று கூப்பிட்டேன்.

"அந்த ரூமுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. நான் இங்ஙனயே கெடக்கேன். நீங்க போயி ஏசியில படுங்க."

இப்போது அவள் கூடத்தில் காலை நீட்டிப் படுக்கிறாள். நானும் அங்கேயே பாய் போட்டுக்கொண்டேன். அவள் இருமினால் விழித்துக்கொள்கிறேன். இருமாவிட்டாலும் விழித்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.