பூஜ்யம் நொடி

வரலட்சுமி அக்கா ஒரு மனிதனை ஹெல்மெட்டால் அடித்ததை நான் முதன்முதலில் பார்த்தது கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அடி வாங்கியவன் அவளுடைய தங்கை நாகம்மாவின் புருஷன் தமிழரசு. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது, நானும்தான். "இன்னொருவாட்டி அவ மேல கை வெச்ச, கை இருக்காது மவனே" என்று சொல்லிவிட்டு, அதே ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அக்காவும் நானும் சென்னை பாடியில் ஒரே கம்பெனி. அவள் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். அவள் அடித்துத் தள்ளும் தகடுகளை அளந்து பார்த்துக் குறை சொல்வது என் பிழைப்பு. கரூரிலிருந்து வந்து கொரட்டூரில் ஃப்ளாட் வாங்கிய ஆயிரம் பேரில் நானும் ஒருவன். மறுநாள் கேட்டேன், "நீங்க பாடியில இருக்கீங்க. இங்க அடி விழுறது எப்படிக்கா தெரியுது?"

"மிஸ்டு கால் நைனா. அரிசி டிரம்ல ஒரு பட்டன் போன் போட்டு வெச்சிகீறா. ஒரு ரிங்கு உட்டு கட் பண்ணுவா. பேசுனா அவனுக்குக் கேட்டுரும்ல? ரிங்கு வந்தா நான் வண்டிய எடுத்துருவேன்."

சிம் அக்கா பெயரில். பத்து நிமிடத்தில் அக்கா போய் நிற்பாள். மற்றவர்கள் 'வந்து சேர்ந்துட்டேன்', 'கீழே இறங்கி வா' என்பதற்கெல்லாம் மிஸ்டு கால் கொடுப்பார்கள். நாகம்மா உயிருக்குக் கொடுத்தாள். போலீசுக்குப் போகலாமே என்றேன். ஒருமுறை போனார்களாம். "ஆதாரம் இன்னா கீதுன்னாங்க. இவளும் வாயத் தொறக்கல" என்றாள் அக்கா.

செப்டம்பர் மாதம், ஏரிக்கரையில் டவர் நின்றிருந்த கட்டடத்தை இடித்தார்கள். அன்றிலிருந்து சிக்னல் இல்லை. வேறு சிம் கம்பெனிக்கு மாற வேண்டியதுதானே என்பீர்கள். எல்லாக் கம்பெனியும் அந்த ஒரே டவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓ.டி.பி. வரவில்லையே என்று எரிச்சல். அக்காவுக்குத் தங்கையின் ரிங்கு வராதே என்று பயம். கஸ்டமர் கேருக்கு மூன்று முறை புகார் கொடுத்தாள். மூன்று முறையும் ஒரு புகார் எண் கிடைத்தது, சிக்னல் கிடைக்கவில்லை.

ஐந்தாவது வாரம், பட்டப்பகலில், தமிழரசு நாகம்மாவின் வலது கையை இழுத்து வாசற்படியில் வைத்து மிதித்தான். இரண்டு எலும்பு முறிந்தது. அதற்கு முன்னால் அவள் பதினோரு முறை பட்டனை அமுக்கியிருக்கிறாள். ஒன்றுகூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டாக்டரிடம், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள் அந்தப் பாவி மகள். எனக்கு அவள் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

மறுநாள் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அந்த மொபைல் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க மூணு கம்ப்ளெய்ண்டும் சரியாயிடுச்சுன்னு க்ளோஸ் ஆயிருக்கு மேடம்."

"யாரு சொன்னா சரியாச்சுன்னு?"

"சரியாகலன்னா பதில் போடுங்கன்னு அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கோம். நீங்க பதிலே போடலையே."

சிக்னல் இல்லாத நம்பருக்கு, சிக்னல் வந்ததா என்று மெசேஜ்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. நாற்காலியைத் தூக்கி ஒரே வீச்சு. கணினித் திரை சிதறியது, கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. அந்தப் பெண் அலறிக்கொண்டு மேசைக்கடியில் போனாள். தடுக்கப்போன எனக்கு ஒரு அறை. காது இரண்டு நாளைக்கு ரீங்காரம் போட்டது. போலீஸ் வந்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

"கண்ணாடிய உடைச்சா டவர் வராதுக்கா. அவங்க மேல கேஸ் போடுவோம்" என்றேன். கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் வைக்காமலே போகலாம் என்பதால் மனுவை நானே எழுதினேன். புருஷன் பெயர் வரவே கூடாது என்று நாகம்மா அழுதாள். அதனால் 'அவசர அழைப்புகள் பாதிக்கப்பட்டன' என்று பூசி மெழுகினேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாகம்மா அக்கா வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். இதற்குள் உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கட்டுப் பிரித்தாயிற்று, வெள்ளிக்கிழமை நல்ல நாள், நாகம்மா புருஷன் வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவானது. அவளும் தலையாட்டினாள். அக்கா தலைகீழாக நின்று பார்த்தாள், நடக்கவில்லை. "இந்தவாட்டி கொன்னுடுவான் நைனா" என்றாள் என்னிடம். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை விசாரணை. நாகம்மாவும் வந்திருந்தாள். கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இந்த எண்ணிலிருந்து செப்டம்பருக்கு முன்னால், எட்டு மாதத்தில் முப்பத்தோரு அழைப்பு. எல்லாமே பூஜ்யம் நொடி. யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவே பயன்படுத்தாத போனுக்கு என்ன சேவைக் குறைபாடு?"

அக்கா எழுந்தாள். கையைப் பிடித்து அமுக்கினேன். அதற்குள் பின்னாலிருந்து நாகம்மாவின் குரல் வந்தது.

"சார், அந்தத் தேதியெல்லாம் படி சார்."

வக்கீல் முழித்தார். ஆணையத்தின் தலைவர், கண்ணாடி போட்ட அம்மாள், "படியுங்கள்" என்றார்.

"ஜனவரி பதினெட்டு, பகல் இரண்டு பத்து."

"பெல்ட்டு."

"பிப்ரவரி ஆறு."

"கொதிக்கிற கொழம்ப தோள்ல ஊத்துனான்."

"மார்ச் இரண்டு. அடுத்தடுத்து மூன்று அழைப்பு."

"கழுத்த நெரிச்சான். அக்கா பிரஸ்ல நின்னுகினு இருந்துச்சு, மொத ரெண்டும் பாக்கல."

வக்கீலின் குரல் இறங்கிக்கொண்டே போனது. முப்பத்தொன்றையும் படிக்க வைத்தாள். ஒன்றுக்குக்கூட அவள் யோசிக்கவில்லை. பக்கத்தில் அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"செப்டம்பருக்கு அப்புறம் ஒன்றுமே இல்லையே அம்மா?" என்றார் தலைவர்.

நாகம்மா கோணலாகக் கூடியிருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பதான் இத மிதிச்சான். அமுக்கிப் பாத்தேன். போவல."

அவளே வக்கீலிடம் போய் நின்றாள்.

"அந்தப் பேப்பர் எனக்கு ஒண்ணு குடு சார். நான் எதையும் எழுதி வெக்கல. நீங்கதான் தேதியோட எழுதி வெச்சிகீறீங்க. ஸ்டேஷன்ல ஆதாரம் கேப்பாங்க."

வக்கீல் தலைவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். நகல் எடுக்கும் கடையில் நாகம்மா இரண்டு பிரதி கேட்டு வாங்கி, அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஊட்டுக்கா?" என்றாள் அக்கா.

"ஸ்டேஷனுக்கு."