பதினோரு வருடம் பேசாத பியானோ கட்டை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போனேன். மலைக்கோட்டை பார்க்க அல்ல, ஒரே ஒரு சுரத்தை விசாரிக்க.

கைலாசபுரம் ஃபேக்டரியில் லேத்தில் உலோகம் கடையும் டர்னராக இருந்த ஆரோக்கியம் என்பவர், ஐரோப்பிய ரொமான்டிக் பாணியில் பல பகுதிகள் கொண்ட ஒரு பியானோ சொனாட்டா எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். அதன் மெதுவான இரண்டாம் பகுதியை ஞாயிறன்று அங்கே ஒரு பள்ளி அரங்கில் நான் வாசிக்க வேண்டும். என் கையிலிருந்த நகலில், மெட்டு ‘சி’ சுரத்தில் அழகாக முடிந்த பிறகு சம்பந்தமில்லாமல் நடு ‘எஃப்’ ஒன்று தனியாக நின்றது. நகலெடுத்தவரின் கைப்பிழை என்று பென்சிலால் அடித்தும்விட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா இப்போது திருவானைக்காவலில் இருக்கிறார்.

காலை 9.10க்கு மத்திய பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ். டிக்கெட் பதினைந்து ரூபாய், நாற்பது நிமிடம்.

“திருவானைக்காவல் வந்தா சொல்லுங்க.”

“கோயிலுக்குங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லைங்க, பியானோ பார்க்க.”

“அப்படி ஒரு சாமி அங்க இல்லைங்களே!”

ஸ்டெல்லா அக்கா காபி கொடுத்துவிட்டு ஐந்து கையெழுத்துப் பிரதிகளை எடுத்துவைத்தார். முதல் பிரதியில் மெட்டு நடு எஃப் வழியாகச் சாதாரணமாக இறங்குகிறது. அடுத்த மூன்றிலும் அந்த இடம் வரும்போதெல்லாம் மேல் எஃப்புக்குத் தாவுகிறது. ஐந்தாவதிலும் அதே தாவல்தான், ஆனால் முடிவில் அந்தத் தனி நடு எஃப், அவர் கையெழுத்திலேயே. அந்தத் தாவலை ‘ஏக்கத்தின் உச்சம்’ என்று மாணவிகளுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்! அதை அக்காவிடமும் சொன்னேன்.

“ஏக்கமெல்லாம் இல்லைங்க. அந்த நடு எஃப் கட்டை அப்ப பேசாது” என்றார் அக்கா.

உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு உடைந்திருந்ததாம்.

“பித்தளை கடையறதே உங்க வேலை, ஒண்ணு செஞ்சு கொண்டாந்தா என்னன்னு கேட்டேன். ஃபேக்டரி மிஷின்ல வீட்டு வேலை பார்க்க மாட்டேன், சர்வீஸ்ல இருக்கிறவரைக்கும் வெளிப் பட்டறையிலயும் கடைய மாட்டேன்னுட்டாரு. பதினோரு வருஷங்க! ரிட்டயர் ஆன மறுநாள் சிநேகிதர் லேத் பட்டறைக்குப் போனாரு. அரை மணி நேர வேலை. வந்து மாட்டித் தட்டினாரு, பேசுச்சு. அன்னைக்குத்தான் கடைசியில அதை எழுதினாரு. நீங்க வாசிப்பீங்கல்ல?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அக்கா, பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் இருக்கா?”

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். பழைய இசைப் பிரதி எதைப் பார்த்தாலும், பிழை திருத்துவதற்கு முன் அது எந்தப் பியானோவில் பிறந்தது என்று விசாரியுங்கள்.

ஞாயிறன்று மெட்டு சி-யில் முடிந்ததும் சபை கைதட்டத் தொடங்கியது. நான் அந்த எஃப்பை வாசித்தேன். எல்லோரும் குழம்பிப்போய் நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஸ்டெல்லா அக்கா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.