குங்குமச் சிமிழும் கிராணியம்மாவின் ஒரு பக்கமும்

மருமகள் கைப்பேசியில் ஏதோ கலைக்களஞ்சியத்தைத் திறந்து, எங்கள் கட்சியைப் பற்றி வாசித்துக் காட்டினாள். "மிதவாதப் பழைமைவாதக் கட்சி" என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"ரொம்ப வேகமும் போகாது, பழசையும் விடாது அத்தை."

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கட்சி தோட்டத்துத் துரையை எதிர்த்துக் கத்தாது. மாலை போட்டு, மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வரும். கோயில் திருவிழா முடிந்தால்தான் கூட்டமே வைக்கும்.

"எங்க கிளைப் பெண்கள் பிரிவைப் பத்தி என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. அது புதுச் சுருக்கு இல்லை.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கூட்டமென்றால் ஆண்கள்தான் போவார்கள். பெண்களைச் சேர்த்தவள் நான். காலையில் ரப்பர் மரம் வெட்டி, பட்டையில் வடிந்த பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, குளித்து, குங்குமச் சிமிழோடு தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒவ்வொரு வாசலாக ஏறினேன். கல்யாணத்துக்கு அழைப்பது போல.

"யார் வீட்டு விசேஷம்டி?" என்றாள் என்னோடு மரம் வெட்டுகிறவள்.

"கட்சி வீட்டு விசேஷம். ஞாயித்துக்கிழமை வந்துரணும்லா."

"என் வீட்டுக்காரர் ஏசுவாரு."

"குங்குமம் எடுத்துட்டே. வராட்டி சாமி ஏசும், எது பரவால்லன்னு நீயே பாத்துக்க."

பொட்டு வைக்காத பெண்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். ஒரு வாசலையும் விடவில்லை. முதல் கூட்டத்தில் ஆண்கள் எழுந்து பெஞ்சைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஈப்போவில் கட்சி ஒரு சிறப்பு மலர் போடப் போவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு கிளையும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தை எழுத, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவியைப் பிடித்தார்கள். என்னை விட இளையவள், கூட்டத்துக்கு வந்தது ரெண்டு தடவை. ஆனால் படித்தவள். நானோ என் பேரைப் போடவே பேனாவை நிறுத்தி நிறுத்தி யோசிப்பவள். அவள் எழுத்து பாசிமணி கோத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அதுவும் இல்லை.

நைலெக்ஸ் புடவையில், நோட்டோடு என் வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, பொம்பளைங்க எப்படிச் சேந்தாங்க? நீங்கதான் சேத்தீங்கன்னு சொல்றாங்க. நீங்க சொன்னா அப்படியே எழுதிடுவேன்."

கேட்டாளே, அது போதாதா? போதவில்லை எனக்கு. நான் வாசல் வாசலாக நடந்தது இவள் மணி மணியான எழுத்தில் ஏறி, படிப்பவர்கள் "கிராணியம்மா என்னமா எழுதியிருக்கு" என்பார்களே, அதுதான் நெஞ்சில் நின்றது.

"நான் என்ன செஞ்சேன் கிராணியம்மா? எல்லாம் தானா வந்தாங்க."

"நெசமாவா அக்கா?"

"எழுதத் தெரிஞ்சவங்களுக்கு நான் பொய்யா சொல்லப் போறேன்?"

எழுதிக்கொண்டாள். மலர் வந்தது. எங்கள் பக்கத்தில், "இக்கிளையில் பெண்கள் யாரும் அழைக்காமலே தாமாக முன்வந்து சேர்ந்தனர்" என்று அச்சில் இருந்தது. கீழே அவள் பேர்.

அடுத்த வருசம் கூட்டத்துக்கு அழைக்கும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். தான் எழுதியதை அவளே நம்பிவிட்டாள் போல. அழகாக நோட்டீஸ் எழுதி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டினாள். ஒரு பெண்ணும் வரவில்லை. "வாசலேறிக் கூப்பிடாத எடத்துக்கு எப்படிப் போறது?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நானும்தான் போகவில்லை. எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் வந்து நின்றாள், கண் கலங்கி. மறுபடி அழைக்க வேண்டும், கூட வாருங்கள் என்றாள். சிமிழைத் தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்து, பின்னால் நடக்க வைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம். நாலாவது வீட்டில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இதைத்தானே அன்னைக்கு நான் கேட்டேன்."

நான் அடுத்த வாசலில் ஏறினேன்.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். "இந்தக் கலைக்களஞ்சியத்துல யாரும் எழுதலாம் அத்தை, நானே போட்டுடறேன்" என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"அச்சில் வந்த ஆதாரம் கேக்குது. ஏதாச்சும் இருக்கா?"

பெட்டியின் அடியில் அந்த மலர் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது வேற மாதிரில்ல சொல்லுது?"

"ஆமா," என்றேன். "நான் சொன்னதுதான் அது."

அந்தப் பக்கத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். இத்தனை வருசம் கழித்தும் அவள் பேர் அச்சில் பளிச்சென்றுதான் இருக்கிறது.