ஜனக்புரி ஆட்டம்

டெல்லி துவாரகாவில் எங்கள் பால்கனிக்குக் குளிர்காலத்தில் வெயில் வருவது கொஞ்ச நேரம்தான். பிறகு எதிர்க் கட்டடம் மறைத்துவிடும். நேற்று அந்தக் கொஞ்ச நேரத்தில் வேர்க்கடலை உரித்தபடி போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ராணிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அடுத்து மந்திரியை வெளியே எடுத்தேன். திரையில் அந்தத் தொடக்கத்தின் பெயர் ‘லண்டன் சிஸ்டம்’ என்று வந்தது. சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷமாக நான் அதை ஜனக்புரி ஆட்டம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்!

கடலைத் தோலின் வாசனை போதும், தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குப் போய்விடுவேன். கோவில்பட்டியிலிருந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குக் குமாஸ்தாவாக வந்த முதல் குளிர்காலம் அது. லக்ஷ்மிபாய் நகரில் ஒரு குவார்ட்டர்ஸில் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தேன். டெல்லிக் குளிரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்துருண்டை நாற்றத்தோடு இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கையை மடக்க முடியாமல் ஃபைல் எழுதுவேன். இந்தியும் வராது. ‘அச்சா’ ஒன்றை வைத்துக்கொண்டே அந்த வருஷத்தை ஓட்டினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகமே புல்வெளிக்கு வந்துவிடும். பெண்கள் ஒரு விரிப்பில் கம்பளி பின்னுவார்கள். ஆண்கள் இன்னொன்றில் சீட்டாடுவார்கள். சீட்டுக்கு வாய் வேண்டும். செஸ்ஸுக்கு வேண்டாம் என்பதால் நான் மதிலோர செஸ் கோஷ்டியில் ஒட்டிக்கொண்டேன். ஆனால் அங்கே வெயில் விழுவது இரண்டு பேர் உட்காரும் இடத்தில்தான். தோற்றவர் எழுந்து நிழலுக்குப் போக வேண்டும். அடுத்தவர் வெள்ளைக்காயோடு வந்து உட்காருவார். இதுதான் சட்டம். சோப்ரா சாப் என்ற பெரிய மீசைக்காரர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்து பார்த்தவர்களும் குறைவு. டிபன் டப்பாவை மூடுவதற்குள் தோற்று, நிழலில் போய் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து விரிப்பில் பின்னிக்கொண்டே இதைப் பார்த்தவள் ஜெயந்தி. எங்கள் செக்‌ஷன்தான், என் வயதுதான். வீடு ஜனக்புரி. பூர்விகம் கும்பகோணம் என்றாலும் பிறந்து வளர்ந்தது டெல்லியில். தமிழ் படிக்கத் தெரியாது, பேச்சில் பாதி இந்தி. கல்லூரியில் செஸ் ஆடியவள்.

“நீங்க ஏன் ஜல்தி ஜல்தியா சண்டைக்குப் போறீங்க?” என்றாள் ஒருநாள்.

“ஜெயிக்கத்தான்.”

“அரே, உங்களுக்கு ஜெயிக்கணுமா, இல்ல தூப்ல உக்காரணுமா?”

தூப் என்றால் வெயில். நான் யோசிக்கவே இல்லை. வெயில்தான் வேண்டும் என்றேன்.

டீ நேரத்தில் அவள் மேஜையில் காந்தக்காய் போர்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். எதிராளி என்ன ஆடினாலும் நாம் இதே வரிசையில் ஆடலாம்: முதலில் சிப்பாய், அடுத்து அவள் ‘ஊண்ட்’ என்று சொல்லும் ஒட்டகம், அதாவது நம் ஊர் மந்திரி. அது வெளியே வந்தபின் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்த வேண்டும். பிறகு குதிரை, கோட்டை என்று நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம். நானோ ஒவ்வொரு முறையும் அந்தச் சிப்பாயை முதலில் நகர்த்தி, ஒட்டகத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவேன். குளிருக்குக் கதவைச் சாத்திச் சாத்திப் பழகிய கை.

“ஊண்ட் வெளில வந்தப்பறம்தான் தர்வாஜாவ சாத்தணும் பையா! உள்ளயே வெச்சு சாத்தினா அது பாவம் என்ன பண்ணும்?” என்று தலையில் அடித்துக்கொள்வாள். பையா என்றால் இந்தியில் அண்ணன்.

ஒருவழியாகக் கை பழகியது. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை; மணி அடிக்கும்வரை தோற்காமல் இருந்தேன், அவ்வளவுதான். முதுகில் வெயில் ஏறும் சுகத்தை என்ன சொல்ல! நிழலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “ஏ மதராஸி, ஆட வந்தியா, குடியிருக்க வந்தியா?” என்பதுதான் அதன் பொருள் என்று ஜெயந்தி சொன்னாள்.

சோப்ரா சாப்புக்கும் பொறுமை போய்விட்டது. ஒருநாள் என் கோட்டையை உடைத்தே தீருவதென்று ராணியைத் தனியாக உள்ளே அனுப்பினார். என் குதிரை அதைத் தூக்கிக்கொண்டு போனது. சீட்டாட்டம்கூட நின்றுவிட்டது. அவர் மீசையைத் தடவியபடி எழுந்து, முதல்முறையாக அந்த நிழலில் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் நின்றிருப்பார். “அரே பாப்ரே, யஹான் தோ பஹுத் டண்ட் ஹை!” என்று கத்தினார். இங்கே இவ்வளவு குளிர் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை போலும். மறுநாள் பெண்களிடம் கெஞ்சி, செஸ் விரிப்பை அவர்கள் விரிப்போடு சேர்த்துப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் வெயில். தோற்று எழப்போன என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி, “பைட்டோ, பைட்டோ” என்று உட்காரச் சொல்லி, மடியில் ஒரு கை கடலையைக் கொட்டினார்.

அப்புறம் நான் தினமும் தோற்றேன். அதுபோல நிம்மதியாக வாழ்க்கையில் எங்கேயும் தோற்றதில்லை. அந்த விரிப்பில்தான் எனக்கு இந்தி வந்தது. டெல்லி என் ஊரானது. ஜெயந்தி கல்யாணமாகிப் புனே போய்விட்டாள். அவளுக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் புல்வெளி இன்று கார் நிறுத்துமிடம். சோப்ரா சாப் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. நேற்று பால்கனியில் ஒட்டகத்தை ஒழுங்காக வெளியே எடுத்தும் தோற்றேன். எதிரே ஆடியது யாரென்று தெரியாது. ‘மறுபடி ஆடலாமா?’ என்று திரை கேட்டது. வெயில் போய்விட்டிருந்தது. ‘பைட்டோ’ என்று சொல்ல ஒருவரும் இல்லாததால் எழுந்து உள்ளே போனேன்.