கரண்ட் வந்து வந்து போகும் ஊர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று இத்தனை நாளாகியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். நான் கடம்பத்தூரிலிருந்து ரயில் மாறி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அவளுக்குப் பக்கத்து ஊர். அப்பா இங்கேயே இரும்பு ஆலையில் இருக்கிறார். என்னைவிடச் சின்னவள், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

பால் குளிரூட்டும் தொட்டிகளுக்கான கன்ட்ரோல் போர்டு செய்வது எங்கள் கம்பெனி. கரண்ட் வந்ததும் அந்தப் போர்டுக்குள் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்கிற சின்ன புரோகிராம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தொட்டியை ஓட்டும் பெரிய புரோகிராமை எழுப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. நாங்கள் போட்டிருந்தது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், படிக்கலாம், இப்படி மாற்றினால் என்ன என்று யோசனை சொல்லலாம். ஏற்பதும் தள்ளுவதும் அதைப் பராமரிப்பவர் கையில். விலைக்கு வாங்க வேண்டாம், இதுதான் நல்லது என்று மேனேஜரிடம் வாதாடி அதைப் போட வைத்தவள் அவள்தான்.

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஆரணியில் ஒரு பால் சென்டரில் போர்டு செத்துச் செத்துப் போனது. இங்கே கொண்டுவந்து புரோகிராமை மறுபடி ஏற்றி மாட்டினால் சமத்தாக ஓடும். திருப்பி அனுப்பினால் மறுபடி சாகும். சென்டர்காரர் போனில் கத்தினார்: “இன்னா நைனா பொட்டி குடுத்துக்கிறீங்க? பாலு திரிஞ்சி பூடுது. ஒரே பேஜாரா கீது!”

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, “மாசக் கடைசி வரைக்கும் பாரும்மா. சரியாவலன்னா இத்தத் தூக்கிட்டு வெலைக்கு வாங்கிப் போட்டுடலாம். இனிமே எத போடறதுன்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்” என்றார். அவள் முகம் சுண்டிப்போனது. பூட்லோடர் போனால் போகட்டும், இவள் பேச்சை இனி இங்கே யார் கேட்பார்கள்?

இருவரும் ஆரணிக்குப் போனோம். சாயங்காலம் காற்று கிளம்பியதும் கரண்ட் போனது. கொஞ்ச நேரம் கழித்து டியூப்லைட் மினுக்கென்றது, அணைந்தது, மறுபடி மினுக்கென்றது, அணைந்தது, இன்னொரு தடவையும் அப்படியே. நாலாவது தடவைதான் நின்று எரிந்தது. நம் பக்கத்தில் கரண்ட் அப்படித்தானே வரும்? பால் ஊற்ற வந்தவர்கள் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் மட்டும் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, மூணு தபா வந்து வந்து போச்சு. பூட்லோடரும் மூணு தபாதான பாக்கும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய புரோகிராம் மூன்று முறை முழுசாக எழுந்திருக்காவிட்டால், அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, யாராவது வந்து சரி செய்யட்டும் என்று பூட்லோடர் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரண்ட் போய் நின்றதையும் அது தோல்வியாகவே கணக்கில் சேர்த்துவிடுகிறது.

கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுத்திருந்து, பிறகு கணக்கை ஆரம்பிக்கலாமே என்று அவள் எழுதி அனுப்பினாள். பராமரிப்பவர் ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர். இரண்டே வரியில் பதில் வந்தது. ‘மின்சாரம் அப்படி வராது. உங்கள் போர்டைச் சரி பாருங்கள்.’ அத்தோடு அந்த விவாதத்தையே மூடிவிட்டார்.

“அப்பிடி வராதாமா? ஒரு நாளு இங்க வந்து குந்திப் பாக்கச் சொல்லு!” என்று நான் குதித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரி அடித்தும் வைத்தேன். அவள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு அழித்தாள். “அவரு பாத்ததில்லண்ணா. பாக்காதத எப்படி நம்புவாரு? காட்டுவோம்.”

மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியோடு அவள் தினமும் சாயங்காலம் பால் சென்டரில் போய் உட்கார்ந்தாள். வேண்டாத நேரமெல்லாம் போகிற கரண்ட் அந்த வாரம் பார்த்துப் போகவே இல்லை. சென்டர்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கரண்ட் போவணும்னு வேண்டிக்கினு குந்திக்கினுகீற மொத ஆளு நீதாம்மா!”

கடைசியில் போனது, வந்தது, போனது. அந்தக் கோட்டுப் படத்தோடு அவள் மறுபடி எழுதினாள். ஒரு சொல்கூடச் சூடாக இல்லை. ‘உங்கள் ஊரில் இல்லாததால் நம்பக் கடினமாக இருக்கும். எங்கள் ஊரில் இது சாதாரணம்.’ சில நாள் ஓடின. பிறகு அவர் எழுதினார்: அதே மாதிரி கரண்டை விட்டு விட்டுக் கொடுத்துத் தன் மேசையில் ஒரு போர்டை ஓட்டிப் பார்த்தாராம், அதுவும் செத்ததாம். ‘நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. ஆனால் உங்கள் தீர்வும் சரியில்லை. உடனே எழ வேண்டிய இயந்திரங்களை அது தாமதப்படுத்தும்.’

“பாத்தியா, மறுபடியும் நொட்டம் சொல்றான்” என்றேன்.

“அண்ணா, நம்பிட்டாருண்ணா!” அவள் கண் கலங்கியிருந்தது. “மத்தது பேசிக்கலாம்.”

பேசினார்கள். போர்டு எதனால் நின்றது, கரண்ட் போனதாலா, புரோகிராம் மாட்டிக்கொண்டதாலா என்று சிப்புக்குள்ளேயே பதிவாகும். மாட்டிக்கொண்டதை மட்டும் தோல்வியாக எண்ணினால் போதுமே என்றாள். எல்லாச் சிப்பிலும் அந்தப் பதிவை நம்ப முடியாது, வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்கிற மாதிரி வையுங்கள் என்றார் அவர். அப்படியே மாற்றினாள். ஒவ்வொரு வரியையும் அவர் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இவள் பதில் சொன்னாள். முகம் பார்க்காத இரண்டு பேர் இவ்வளவு மரியாதையாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மாசக் கடைசிக்குள் அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

ஆரணியிலிருந்து போன் வந்தது. “நேத்து கரண்ட் எத்தினி தபா பூட்டு பூட்டு வந்துச்சு தெரியுமா? பொட்டி அதும்பாட்டுக்கு ஓடிக்கினு கீதும்மா.” மேனேஜர் அவள் மேசைக்கே வந்து, அடுத்த போர்டுக்கு என்ன போடலாம் என்று கேட்டார். அன்றைக்கு நான் வாங்கிக் கொடுத்த சமோசாவை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இப்போது பூட்லோடரில் அவள் மாற்றிய பகுதிக்கு வருகிற யோசனைகளைப் பார்த்துச் சொல்லும்படி அந்தக் குளிர்தேசத்துக்காரர் அவளையே கேட்டிருக்கிறார். போன வாரம் ஒன்று வந்தது. கடுங்குளிரில் தங்கள் போர்டு எழவே நேரமாகிறதாம், அதற்குள் பூட்லோடர் கைவிட்டுவிடுகிறதாம், கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டுமாம். இங்கே மின்விசிறி அனல் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது.

“குளுருல போர்டு எழுந்துக்காதாமே! இன்னா கத வுடறான்? மொதல்ல அவன் போர்ட ஒழுங்கா பாக்கச் சொல்லு” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காது சூடானது.

‘எவ்வளவு குளிரில், எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள். நாங்களும் பார்க்கிறோம்’ என்று அவள் எழுதி முடித்துவிட்டு, ஒரு போர்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் நீட்டினாள். “அண்ணா, கம்பெனி கேட்டாண்ட ஐஸ் விக்கிற அக்காவ, பிரீசர்ல கொஞ்சம் எடம் கேளுங்களேன்.”

வெயிலில் நடந்தேன். அந்த அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாபா இது?”

“ரொம்பக் குளுருதுன்னு ஒருத்தரு சொல்றாருக்கா. பாக்கணும்.”

அவர் குச்சி ஐஸ்களை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார்.