பிளக் ஏன் இவ்வளவு உயரத்தில்?

மகளைக் கட்டிக்கொடுக்க முதல் அவள் பெயரில் ஒரு வீடு வேண்டும், அது எங்கள் பகுதி வழக்கம். அதனால் கோடையில் ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் ஒரு வீடு பார்த்தோம். சுவருக்குப் புதுப் பெயின்ட், முற்றமெல்லாம் நல்ல காற்று. என் கணவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேவிட்டார். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பிளக் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன.

"சின்னப் பிள்ளையள் கை வைக்கக்கூடாதெண்டுதான்" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிசன் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பெண் வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"இந்த வீட்டையா வாங்கப் போறீங்க?"

"ஓம் தங்கச்சி."

"நல்லம் அக்கா. தோணி வச்சிருக்கீங்களா?"

"தோணி எதுக்கு?"

"மாரியில கடைக்குப் போக வேணாமா?"

அவள் சிரிக்கவேயில்லை. பிளக்கும் புதுப் பெயின்ட்டும் அப்போதுதான் எனக்கு விளங்கின. வீட்டுக்காரர் முகட்டைப் பார்த்தபடி நின்றார்.

அதன்பிறகு மழை கொட்டும் நாளில்தான் வீடு பார்க்கப் போனோம், முதலில் பக்கத்து வீட்டில்தான் கதைத்தோம். இப்போது மகளின் வீட்டில் பிளக் முழங்காலுக்கும் கீழே. குனிந்து குனிந்து இடுப்பு நோகுது என்று அவள் புறுபுறுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தோசம்.