கடைசி பஸ்ஸுக்கு ஒரு வீட்டுக் கடன்

நாலாவது வீட்டுக்காரர் மரியாதையான மனிதர். காலி செய்யச் சொல்ல வந்தவர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“உங்க மேல ஒரு குறையும் இல்ல தம்பி. வாடகை தேதி தவறினதில்ல, சத்தம் போட்டதில்ல. எல்லாம் அந்த வண்டியாலதான்.”

வண்டி தெருவில் நின்றிருந்தது. வெள்ளை வேன். பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் ‘அமரர் ஊர்தி’, அதன் கீழே போன் நம்பர்.

“மேல எங்க அப்பா இருக்காருல்ல? தினம் காலையில பால்கனிக்கு வந்து எட்டிப் பாக்குறாரு. ‘ஏண்டா, வண்டிதான் வந்துடுச்சே, இன்னும் என்னைக் கிளப்பலியா’ன்னு கேக்குறாரு. நான் என்னன்னு பதில் சொல்ல?”

நியாயமான கேள்விதான்.

வண்டிக்காரரை எல்லோரும் ‘கடைசி பஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அவர் ஓட்டியதும் ராத்திரிக் கடைசி பஸ்ஸைத்தான். முதலாளி கம்பெனியை மூடிவிட்டுப் போனதும், கைக்கு வந்த காசில் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப்போட்டு, வெள்ளையடித்து இந்தத் தொழிலுக்கு இறங்கினார். தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் பெயர் பொருத்தமாக உட்கார்ந்தது. பெயின்டர் ஒரே ஒரு கோட் அடித்து ஏமாற்றியதால், நல்ல வெயிலில் வண்டியின் பின்கதவில் பழைய வாசகம் மெலிதாகத் தெரியும்: ‘மெதுவாக வரவும், உள்ளே நாட்டின் எதிர்காலம்’. பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச தூரம் யோசனையாகவே ஓட்டுவார்கள்.

ஆபீஸ் என்றால் அவர் மனைவிதான். போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தால், குரல் சட்டென்று இரண்டு படி இறங்கிவிடும். “சொல்லுங்கம்மா… எப்ப ஆச்சு?” வைத்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வாள்.

வருஷக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் வாசல் படியிறங்கிப் போனதும் அவள் சொன்னாள்: “இனிமே நம்மளக் கிளம்புன்னு சொல்ற அதிகாரம் எவனுக்கும் இருக்கக் கூடாது. வீடு வாங்குவோம்.”

“எதை வெச்சு?”

“பேங்க்ல கடன் குடுக்குறாங்களாம். போர்டு போட்டிருக்கான்.”

டயர் கிடங்குக்குப் பின்னால், ஒரு சந்தின் கடைசியில் வீடு அமைந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கத்தில் வேன் நிற்கிற அளவுக்குக் காலி இடம். விற்கிறவர் ரிட்டையரான கம்பவுண்டர். மனைவியோடு மகள் வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தார். வீடு பார்க்க வந்தவர்களின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்.

“ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா? முன் சீட்ல.”

“எதுக்குங்கய்யா?”

“பின்னாடி படுத்துப் போறப்ப ரோடு தெரியாதுல்ல.”

கூட்டிப் போனார். கம்பவுண்டர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டினார். இரண்டு பேர் பயந்துபோய் அவர் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தார்கள். திரும்பி வந்ததும் விலை படிந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு, “வருஷக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்” என்று வாக்கும் கொடுத்தார்.

முதல் வங்கியில் விண்ணப்பத்தை மனைவியே எழுதினாள். தொழில் என்ற இடத்தில் ‘பயணிகள் போக்குவரத்து’ என்று போட்டாள். பொய்யில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் டை கட்டியிருந்தான்.

“எந்த ரூட் சார்?”

“எல்லா ரூட்டும்தான். கடைசி ஸ்டாப் மட்டும் ஒண்ணு.”

“ரிட்டர்ன்ல ஆள் ஏறுவாங்களா?”

“கடவுள் புண்ணியத்துல இதுவரைக்கும் யாரும் ஏறல.”

மனைவி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். இளைஞனுக்கு இன்னும் விளங்கவில்லை. “ரெகுலர் கஸ்டமர் ரெண்டு பேர் நம்பர் குடுங்க. பேசி விசாரிப்போம்.”

“நம்பர் இருக்குங்க. எடுக்க மாட்டாங்க.”

அப்போதுதான் விளங்கியது. கையெழுத்துப் போடக் கொடுத்திருந்த பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே அவன் மறுத்துவிட்டான். ‘வருமானத்துக்கு ஆதாரமில்லை’ என்று மறுவாரமே பதில் வந்தது. அதுவும் உண்மைதான். எழவு வீட்டில் நின்றுகொண்டு ரசீது எழுதுகிற நெஞ்சழுத்தம் அவருக்குக் கிடையாது. யாராவது மடித்துக் கையில் திணிப்பார்கள். எண்ணாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்.

இரண்டாவது வங்கியின் மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே பேசினார். “உங்க தொழில் கொஞ்சம் ரிஸ்க்கானது பாருங்க. நாளைக்கே வருமானம் நின்னுட்டா?”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “சார், உலகத்துல மத்த தொழில் எல்லாம் நிக்கும். உங்க பேங்க்கூட நிக்கும். இது நிக்குமா?”

மேலாளர் எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

வாசலுக்கு வந்ததும் கடைசி பஸ் வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்காருகிற ஆளில்லை.

“ஊர்ல இருக்கிறவங்க அத்தனை பேரையும் அவங்கவங்க இடத்துல கொண்டுபோய் சேர்த்தாச்சு. நமக்குன்னு ஒரு இடம் அமையல பாரு.”

“ஆறடி கேட்டா உடனே குடுத்துருவாங்க. நாம அதுக்கு மேல கேக்குறோம்ல, அதான் யோசிக்கிறாங்க” என்றாள் அவள். “வண்டிய எடுங்க. இன்னொரு பேங்க் இருக்கு.”

மூன்றாவது இடம் சின்ன வங்கி. கடன் பிரிவில் ஒரு சின்னப் பெண். தொழிலைக் கேட்டு அவள் முகம் மாறவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மாறியது.

“அண்ணே, ஒண்ணுமே இல்லையே! சம்பாதிக்கிறதெல்லாம் எங்க போகுது?”

“அரிசி டப்பாவுக்கு” என்றாள் மனைவி.

“இனிமே அக்கவுன்ட்டுக்குப் போகட்டும். ஆறு மாசம். ஒரு காசு கையில வாங்காதீங்க. அப்புறம் வாங்க, நான் மேல அனுப்புறேன்.”

அந்த வாரமே வண்டிக் கதவில் ஸ்கேன் செய்கிற அட்டை ஒன்று ஒட்டப்பட்டது. கூடவே, பணம் வந்து சேர்ந்தால் வாய்விட்டு அறிவிக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். மளிகைக் கடைகளுக்குச் செய்த பெட்டி. அது சாவு வண்டிக்குச் சரிப்படுமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் சவாரி, ஒரு பெரிய குடும்பம். மயான வாசலில் உடலை இறக்கியாகிவிட்டது. மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து போனை நீட்டி ஸ்கேன் செய்தான். சுற்றிலும் ஒரே மௌனம். தங்கை ஒருத்தி மட்டும் விசும்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி உற்சாகமாகக் கூவியது:

“பணம் வந்து சேர்ந்தது! நன்றி, மீண்டும் வருக!”

கடைசி பஸ்ஸுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பெட்டியை எடுத்துச் சட்டைக்குள் போட்டார், துண்டில் சுற்றினார், சீட்டுக்கடியில் தள்ளினார். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தார். மூத்த மகன் வாயைத் திறப்பதற்குள் இறந்தவரின் மனைவி சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“அவரு இருந்திருந்தா இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு” என்றாள். பிறகுதான் அழுதாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்று மகன் பிற்பாடு சொன்னான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேச்சை மட்டும் நிறுத்துங்க. பணத்தை நிறுத்தாதீங்க” என்றாள். பெட்டியின் வாயில் பஞ்சு வைத்து அடைத்தார்கள்.

ஆறு மாதம் அந்தப் பெண் சொன்னபடியே ஓட்டினார்கள். கையில் திணித்தவர்களிடம்கூட, “தப்பா நினைக்காதீங்க, லோன் போட்டிருக்கோம்” என்று கதவில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். துக்கத்திலும் பலர், “எந்த பேங்க்? எவ்வளவு வட்டி?” என்று கேட்டார்கள். ஒருவர் பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தான் கடன் வாங்க அலைந்த கதையை முழுதாகச் சொன்னார். சடங்குக்கு அவரை ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது.

பிறகு அந்தப் பெண் நேரில் விசாரிக்க வந்தாள். வீட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். “ஆபீஸ்?” என்றாள். மனைவி போனைத் தூக்கிக் காட்டினாள். கிளம்புகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

“நான் விட்டுடறேம்மா. முன் சீட்டுதான்.”

வங்கி வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றதும் காவலாளி தொப்பியைக் கழற்றினார். டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கதவைத் திறந்துகொண்டு கடன் பிரிவுப் பெண் குதித்து இறங்கியபோது, காசாளர் அம்மா போட்ட கூச்சலில் மேலாளரே வெளியே ஓடிவந்துவிட்டார். வந்தவர், அந்தப் பெண் கொடுத்த கோப்பை அங்கேயே நின்று புரட்டினார்.

“ஒரு மாசம்கூடக் குறையலியேம்மா! நம்ம நகைக்கடைக்காரர் கணக்குகூட இப்படி இல்ல.”

“அவங்களுக்கு சீசன் இருக்கு சார்.”

கேட்டதில் முக்கால் பங்குதான் அனுமதி ஆனது. அதற்கும் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொன்னார்கள். காப்பீட்டு டாக்டர் அவருடைய வயிற்றை அமுக்கிப் பார்த்து, “இன்னும் இருபது வருஷம் தாங்குவீங்களா?” என்று விளையாட்டாகக் கேட்டார்.

“தாங்கித்தானே ஆகணும் டாக்டர். நான் போனா வண்டி ஓட்ட ஆளில்ல.”

குறைந்த கால் பங்குக்குக் கம்பவுண்டர் ஒரு யோசனை சொன்னார். “அதுல கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கிறேன். எனக்கும் இவளுக்கும் வண்டி ஃப்ரீன்னு எழுதிக் குடுத்துடுங்க. இப்பவே புக் பண்ணதா இருக்கட்டும்.”

சாவுப் பேச்சென்றாலே சிரிக்கிற கடைசி பஸ்ஸுக்கு அன்றைக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. “அட்வான்ஸ் புக்கிங் எல்லாம் எடுக்கிறதில்லைங்கய்யா. நீங்க மெதுவா வாங்க. மீதியை மாசாமாசம் குடுத்துடறேன்” என்றார். கம்பவுண்டரின் மனைவி உள்ளேயிருந்து, “நல்லா சொன்னீங்க தம்பி” என்றாள். அப்படியே முடிந்தது.

வருஷம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. சாமான் ஏற்ற வேறு வண்டி பிடிப்பானேன் என்று தங்கள் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். சந்தில் அமரர் ஊர்தி நுழைந்ததைப் பார்த்து ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டார். பின்கதவு திறந்தது. முதலில் ஒரு ஃப்ரிட்ஜ், பிறகு கட்டில், பிறகு இரண்டு பக்கெட், ஒரு அரிசி டப்பா.

எதிர்வீட்டு அம்மாள் மெல்லக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி விசாரித்தாள்: “யாரும்மா?”

“நாங்கதான்க்கா” என்றாள் மனைவி, தலையணைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. “ரெண்டு பேரும் உயிரோடதான் வந்திருக்கோம். கொஞ்சம் இந்தக் கட்டிலைப் பிடிக்கிறீங்களா?”

அந்த அம்மாள் தயங்கினாள். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து ஒரு பக்கம் பிடித்தாள். வாசல்படி குறுகல். கட்டில் உள்ளே போக மறுத்தது. நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். கடைசி பஸ், எதை எந்த வாசலில் எப்படிச் சாய்த்து நுழைக்க வேண்டும் என்பதில் தனக்குப் பல வருஷ அனுபவம் உண்டு என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “கால் பக்கம் முதல்ல போகட்டும்” என்று மட்டும் சொன்னார்.